டாப் அனுப்பவும்

கதிர்வேலுக்குப் பொய் சொல்லத் தெரியாது என்று யாரும் குற்றம் சாட்டிவிட முடியாது. "சரக்கு நாளைக்குக் காத்தால லோடு ஏறிடுமுங்க" என்று தையல் போடாத துணியைப் பார்த்துக்கொண்டே சொல்லக்கூடியவன். அது தொழில் பொய். திருப்பூரில் அதை யாரும் பாவக் கணக்கில் சேர்ப்பதில்லை. ஆனால் வீடியோ காலில் கிர்ஸ்டன் மேடத்திடம் அவன் சொன்னது வேறு ரகம். கேட்காமலே சொன்ன பொய் அது. அதனால்தான் அது அவனை மலையேற்றிவிட்டது.

கிர்ஸ்டன் மேடம் டென்மார்க்கில் இருக்கிற பையர். அனுப்பர்பாளையத்தில் கதிர்வேல் வைத்திருக்கும் பனியன் கம்பெனியில் தைக்கிற டி-சர்ட்டில் முக்கால்வாசி அந்தம்மாளுக்குத்தான் போகிறது. பல வருஷத்துப் பழக்கம். பழக்கம் என்றால் தினமும் மெயில், மாதம் தவறாமல் ஒரு வீடியோ கால். ஒவ்வொரு மெயிலும் "டியர் வெண்டார்" என்றுதான் தொடங்கும். வெண்டார் என்றால் சரக்குக் கொடுப்பவன். தள்ளுவண்டியில் வெண்டைக்காய் விற்பவருக்கும் அதே பெயர்தான். கதிர்வேல் தீபாவளிக்குத் தீபாவளி வாழ்த்து அனுப்பினான், பதில் இல்லை. கிறிஸ்துமஸுக்கு ஒரு பட்டுச்சேலையே அனுப்பிப் பார்த்தான். "எங்கள் கம்பெனி விதிப்படி வெண்டார்களிடம் பரிசு வாங்குவதில்லை" என்ற குறிப்போடு சேலை மடிப்புக் கலையாமல் திரும்பி வந்துவிட்டது. சுகந்தி அதைக் கட்டிக்கொண்டு ஒரு கல்யாணத்துக்குப் போய்வந்தாள்.

அவனுக்கு வேண்டியிருந்தது ஆர்டர் இல்லை. ஆர்டர் எப்படியோ வந்துகொண்டுதான் இருந்தது. கிர்ஸ்டன் மேடம் தன்னை ஒரு மனுஷனாகப் பார்த்து, "கதிர்" என்று ஒரே ஒரு தடவை கூப்பிட வேண்டும். அவ்வளவுதான் ஆசை. இன்னொரு பனியன் கம்பெனிக்காரர் வேல்குமார் சங்கக் கூட்டத்துக்கு வரும்போதெல்லாம், "எம்பட பையர் எங்க தோட்டத்துக்கே வந்து கம்மங்கூழு குடிச்சுட்டுப் போனாருங்க. என்னைய வேலுன்னுதான் கூப்புடுவாரு" என்று சொல்லுவார். கேட்கும்போது கதிர்வேலுக்கு வயிறு எரியும். தன் பையர் கூழ் குடிக்காவிட்டால் போகிறது, பெயரையாவது சொல்லக்கூடாதா என்று இருக்கும்.

அன்றைக்கு வீடியோ காலில் பச்சை நிறம் கொஞ்சம் கூடிவிட்டதா குறைந்துவிட்டதா என்று பேச்சு. நடுவில் அந்தம்மாளின் ஆபீஸ் ஆள் யாரோ வரத் தாமதமானது. சும்மா இருக்க வேண்டாமே என்று அந்தம்மாள் ஒரு போட்டோவைத் தூக்கிக் காட்டினாள். ஒரு புல்மேடு, அதில் புருஷன், பிள்ளைகள், ஒரு நாய். "வருஷா வருஷம் குடும்பத்தோடு எங்கள் நாட்டின் உயரமான இடத்துக்கு நடந்து போவோம்" என்றாள்.

கதிர்வேல் ஆழம் தெரியாமல் காலை விட்டான். "வீ ஆல்சோ மேடம்! எவ்ரி இயர்! ஸ்டேட் ஹையஸ்ட் பாயிண்ட்! ஃபுல் ஃபேமிலி வாக்கிங்!" என்றான். கம்பெனி மாடிக்கு லிஃப்ட் வைத்த நாளிலிருந்து படியேறாத மனுஷன் அவன். அந்தம்மாள் "ஓ, லவ்லி" என்றாள். ஆபீஸ் ஆள் வந்துவிட்டான், பேச்சு மறுபடியும் பச்சைக்குப் போய்விட்டது.

அதோடு போயிருக்கும். அடுத்த வியாழக்கிழமை அவனுடைய போனுக்கே நேராக ஒரு வாட்ஸப் செய்தி வந்தது. "கதிர், டாப் போட்டோ எங்கே? காத்துக்கொண்டிருக்கிறேன். சீக்கிரம் அனுப்பவும்."

இந்த இடத்தில் பனியன் தொழில் தெரியாதவர்களுக்கு ஒரு வார்த்தை சொல்லிவிட வேண்டும். ஒரு ஆர்டர் தைக்க ஆரம்பித்து முதல் லாட் முடிந்ததும், அதிலிருந்து சில பீஸை எடுத்துப் பையருக்குக் காட்ட வேண்டும். அவர்கள் பார்த்துச் சரி என்றால்தான் மீதி சரக்கு கப்பலேறும். அந்தப் பீஸுக்கு டாப் சாம்பிள் என்று பெயர். சுருக்கமாக டாப். செக்கிங் டேபிளில் நேற்று வேலைக்குச் சேர்ந்த பெண்ணுக்குக்கூட இது தெரியும். கதிர்வேல் தன் பெயரைவிட அதிகம் கேட்ட வார்த்தை அது.

ஆனால் அன்றைக்கு அவன் படித்தது ஒரே வார்த்தையைத்தான். கதிர். அதற்கு அடுத்து என்ன எழுதியிருந்தாலும் அவனுக்கு இனிப்பாகத்தான் இருந்திருக்கும். டாப் என்றதும் மலை உச்சி என்றே புத்தியில் பட்டது. நான் சொன்னதை ஞாபகம் வைத்திருக்கிறாள், என் குடும்பத்தைப் பார்க்க ஆசைப்படுகிறாள் என்று நினைத்தபோது கண்ணே கலங்கிவிட்டது. ஆசை வெட்கம் அறியாது என்பார்கள். தொழிலும் அறியாது.

செய்தியை யாருக்கும் காட்டவில்லை. பையரோடு பேசுகிற மெர்ச்சண்டைசர் விஜயராணியிடம் காட்டியிருந்தால் அந்த நிமிஷமே விஷயம் தெளிந்திருக்கும். அவளுக்கு எதற்கு, இது குடும்ப விஷயம் என்று விட்டுவிட்டான். நேராகச் செக்கிங்குக்குப் போய், டென்மார்க் ஆர்டரில் முடிந்த பச்சை டி-சர்ட்டில் நாலைத் தூக்கிக்கொண்டு வீட்டுக்கு வந்தான். தன் சரக்கையே தன் குடும்பம் போட்டுக்கொண்டு உச்சியில் நின்றால் அந்தம்மாள் உருகிவிடுவாள் என்று கணக்கு.

"நாளைக்கு எல்லாரும் தொட்டபெட்டா போறோம். நடந்து" என்றான்.

சுகந்தி தோசைக்கரண்டியோடு வெளியே வந்தாள். "ஏனுங்க, நாளைக்கு வெள்ளிக்கெழமைங்க. சேவூர்ல எங்க சித்தப்பா ஊட்டுல விசேஷம். இப்ப மலைக்கு எதுக்குங்க?"

"கிர்ஸ்டன் கேட்டுட்டாங்க. நம்ம குடும்பத்தப் பாக்கோணுமாம்."

"பாக்கறதுன்னா ஊட்டுல இருக்கறப்பப் பாக்கட்டுமே. மலைமேல போய் நின்னாத்தான் தெரிவமா?"

மகள் தேஜஸ்ரீ கோயமுத்தூரில் கல்லூரி படிக்கிறவள், அன்றைக்கு லீவில் வந்திருந்தாள். போனில் எதையோ தட்டிப் பார்த்துவிட்டுச் சிரிக்க ஆரம்பித்தாள். "அப்பா, டென்மார்க்குல மலையே கெடையாதுங்கப்பா. அவங்க நாட்டுலயே ஒசரமான எடம் நூத்தி எழுபது மீட்டர்தான். நம்ம திருப்பூரே முன்னூறு மீட்டர் இருக்குது. அந்தம்மா மூச்சு வாங்க ஏறுற உச்சி நம்ம ஊட்டு போர்வெல்லுக்குள்ளதாங்கப்பா வரும்."

கதிர்வேலின் அப்பா ஆறுச்சாமி சாப்பிட்டபடியே கேட்டுக்கொண்டிருந்தவர், "அப்ப அந்தக் கிருஷ்ணம்மாவ நம்ம மொட்டமாடிக்கு வரச் சொல்லு கண்ணு. அதுக்கு அதுவே இமயமலைதான்" என்றார். கிர்ஸ்டன் என்ற பெயர் அவர் வாயில் முதல் நாளே கிருஷ்ணம்மா ஆகிவிட்டது.

கிண்டல் செய்தார்களே ஒழிய, யாரும் வரமாட்டேன் என்று சொல்லவில்லை. இந்த வீட்டில் எல்லாரும் ஒன்றாக எங்காவது போய்ப் பல வருஷம் ஆயிற்று. கோயிலுக்குப் போனால்கூடக் கதிர்வேல் பிராகாரத்தில் போனோடுதான் சுற்றுவான். விடிவதற்குள் சுகந்தி தக்காளிச் சாதமும் உருளைக்கிழங்குப் பொரியலும் செய்து தூக்குப்போசியில் அடைத்துவிட்டாள்.

காரில் ஏறும்முன் டி-சர்ட்டில் ஒரு தகராறு. ஆறுச்சாமி பச்சைத் துணியை விரித்துப் பார்த்தார். நெஞ்சில் ஒரு மலைப் படமும், மலைதான் என் வீடு என்று இங்கிலீஷில் ஒரு வாசகமும் இருந்தன. "ஏன்டா கதிரு, பனியன் வித்துத்தான் சோறு திங்கறோம், இல்லீங்கல. அதுக்காகப் பனியனோட ஊருக்குள்ள திரியோணுமா?" என்றார். கடைசியில் வேட்டிக்கு மேல் அதைப் போட்டுக்கொண்டார். டென்மார்க் அளவு. சுகந்திக்கு அது முழங்கால்வரை தொங்கியது. தேஜஸ்ரீக்குத் தோள் தையல் முழங்கைக்கு வந்துவிட்டது. வயிறு என்று ஒன்று இருந்ததால் கதிர்வேலுக்கு மட்டும் கச்சிதமாக இருந்தது.

மேட்டுப்பாளையம் தாண்டி மலையேறி, தொட்டபெட்டா பிரிவில் வனத்துறைச் சோதனைச்சாவடியைக் கடந்ததும் கதிர்வேல் காரை நிறுத்தச் சொன்னான். உச்சிவரைக்கும் நல்ல தார்ரோடு. தமிழ்நாட்டின் உயரமான இடத்துக்குச் கறிவேப்பிலை வாங்கப் போவதுபோல் காரிலேயே போய் இறங்கலாம், எல்லாரும் அப்படித்தான் போகிறார்கள். டிரைவர் ராமர் சங்கரன்கோவில்காரர், முதலாளி வாந்தியெடுக்கத்தான் இறங்குகிறார் என்று நினைத்துத் தண்ணீர் பாட்டிலை நீட்டினார். நடக்கப் போகிறோம் என்று தெரிந்ததும், "மொதலாளி, வண்டி நல்லாத்தானே ஓடுது? நான் எதும் தப்புப் பண்ணிட்டனா?" என்று கேட்டார். அவரைச் சமாதானம் செய்து மேலே போய்க் காத்திருக்கச் சொல்லவேண்டியிருந்தது.

நாலு பேர் ஒரே மாதிரிப் பச்சைப் பனியனோடு ரோட்டோரமாக நடந்தார்கள். மேலே ஸ்வெட்டர், ஆறுச்சாமிக்கு மங்கி குல்லா. திருப்பூர் வண்டி நம்பரோடு போன ஒவ்வொரு காரும் பக்கத்தில் வந்து நின்றது. "வண்டி ரிப்பேருங்களா? ஏறிக்குங்க" என்றார்கள். இல்லீங்க, சும்மா நடக்கறோமுங்க என்றால் நம்புவதாக இல்லை. சும்மா யாராவது நடப்பார்களா?

நாலாவதாக வந்து நின்ற பெரிய வெள்ளைக் காரின் கண்ணாடி இறங்கியது. உள்ளே அதே வேல்குமார், யாரோ விருந்தாளிகளோடு. கதிர்வேலை மேலிருந்து கீழே பார்த்தார். குரல் தணிந்துவிட்டது.

"என்னங்க கதிரு, நடந்து போறீங்க? தொழில் எதும் டல்லுங்களா?"

"அதெல்லாம் இல்லீங்க. இது ஹைக்கிங்குங்க."

"சரிங்க சரிங்க. எல்லாம் மாறுமுங்க. மனச விட்டுறாதீங்க" என்று சொல்லிவிட்டுக் கண்ணாடியை ஏற்றிக்கொண்டார். அவர் கார் அடுத்த வளைவைத் தாண்டுமுன் நூல் வியாபாரியிடமிருந்து போன். "ஒண்ணுமில்லீங்க, நல்லா இருக்கீங்களான்னு கேக்கலாம்னுதாங்க" என்றார் அவர். அடுத்து சாயப்பட்டறைக்காரர். அவரும் நலம்தான் விசாரித்தார். திருப்பூரில் கெட்டுப்போனவனைத்தான் இப்படி வரிசையாக நலம் விசாரிப்பார்கள். கதிர்வேலுக்கு மலைக்குளிரிலும் வேர்த்தது.

மூன்றாவது போன் விஜயராணி. தூத்துக்குடிப் பக்கத்துப் பெண், வேலையில் படு சூட்டிகை.

"சார், டாப்பு போட்டோ அனுப்பியாச்சான்னு மெயில் மேல மெயிலா வந்துக்கிட்டிருக்கு. நாலு பீஸ நீங்க எடுத்துட்டுப் போனீங்கன்னு செக்கிங்ல சொல்லுதாங்க. உண்மையா சார்?"

"ஆமாம்மா. டாப் போட்டோ நானே அனுப்பறேன். நீ அதுல தலையிடாத."

"எப்ப சார் அனுப்புவீங்க? இன்னைக்கு வேணும்னு நிக்காவ."

"டாப்புக்குப் போனதும் அனுப்பிர்றேன். இன்னும் ரெண்டு வளைவுதான். ஏறிட்டிருக்கறோம்."

"சார்... நீங்க இப்ப எங்க நிக்கீங்க?" என்று அவள் கேட்கும்போது சிக்னல் போய்விட்டது. கதிர்வேலுக்கு அவள் கடைசியாகச் சொன்னது காதில் ஏறவில்லை. மெயில் மேல் மெயிலா, என்னைப் பார்க்க அவ்வளவு ஆசையா என்று அதிலேயே நின்றுவிட்டான்.

நடக்க நடக்க ஒரு விஷயம் நடந்தது. சுகந்தி முன்னால் போய்விட்டாள். கால் வலிக்குது, கார் எங்கே என்று அவள்தான் முதலில் கேட்பாள் என்று கதிர்வேல் நினைத்திருந்தான். அவளோ மகளின் கையைப் பிடித்துக்கொண்டு வேகமாக ஏறினாள். சேவூரிலிருந்து பள்ளிக்கூடத்துக்கு நடந்தே போய்வந்த கதை, வழியில் மாங்காய் திருடி மாட்டிக்கொண்ட கதை எல்லாம் சொன்னாள். தேஜஸ்ரீ விழுந்து விழுந்து சிரித்தாள். ஆறுச்சாமி மூச்சு வாங்கினாலும் நிற்கவில்லை. யாராவது கையைப் பிடிக்க வந்தால், "நான் என்ன கொழந்தையா? அவனப் புடிங்க. அவந்தான் விழுந்துருவான்" என்று மகனைக் காட்டினார்.

அது உண்மைதான். கதிர்வேலுக்கு நெஞ்சு அடைத்தது. ஒரு மைல்கல்லில் உட்கார்ந்து பார்த்தான். மேலே வளைவில் மூன்று பேரும் நின்று, "வாங்க வாங்க" என்று கையாட்டினார்கள். சுகந்தி வாய்விட்டுச் சிரித்துக்கொண்டிருந்தாள். அந்தச் சிரிப்பை அவன் கேட்டுப் பல வருஷம் ஆகியிருந்தது. கம்பெனி ஆரம்பிப்பதற்குமுன் கேட்டது. ஒரு கணம் அவனுக்கு எல்லாமே போதும் என்று தோன்றியது. பிறகு போனில் சிக்னல் ஒரு கோடு வந்தது, எழுந்துகொண்டான்.

உச்சியில் ஒரே கூட்டம். ஊரே தொலைநோக்கிக்கு வரிசையில் நின்றது. மிளகாய்த்தூள் தூவிய மாங்காயும் வேகவைத்த சோளமும் விற்றார்கள். பனிமூட்டம் வந்து வந்து மூடியது. உயரம் எழுதிய பலகைக்குமுன் இடம் கிடைத்ததும் கதிர்வேல் முதலாளி ஆகிவிட்டான்.

"எல்லாரும் ஸ்வெட்டரக் கழட்டுங்க. பிரிண்ட் தெரியோணும்."

"ஏனுங்க, மாமாவுக்குக் குளுருதுங்க" என்றாள் சுகந்தி.

"ரெண்டே நிமிசம். அப்பா, அந்தக் குல்லாவ எடுங்க. தேஜு, கையக் கட்டாத, மலப்படம் மறையுது. சுகந்தி, இந்தப் பக்கம். துணி சுருங்குது பாரு, கீழ இழுத்து விடு."

பக்கத்தில் நின்ற ஒரு மலையாளி அம்மாளிடம் போனைக் கொடுத்தான். அவன் இடதுபுறம் ஓரத்தில் நின்று வயிற்றை உள்ளே இழுத்து, டி-சர்ட்டை நீவிவிட்டுக்கொண்டான். குளிரில் பல்லடித்துக்கொண்டே ஆறுச்சாமி, "ஏன்டா கதிரு, இந்தக் குளுருல பனியனோட நிக்கறதப் பாத்தா, அந்தக் கிருஷ்ணம்மா எரக்கப்பட்டு ஒரு சுவட்டர் ஆர்டர் குடுத்துருமடா" என்றார். தேஜஸ்ரீ தாத்தாவின் தோளில் சாய்ந்து சிரித்தாள். சுகந்தி சிரிப்புத் தாங்காமல் புருஷன் தோளைப் பிடித்துக்கொண்டாள். கல்யாண ஆல்பத்தில்கூட அவள் அப்படி அவன்மேல் கை வைத்ததில்லை. மலையாளி அம்மாள் சரியாக அந்த நேரத்தில் எடுத்துவிட்டாள்.

நல்ல படம். கதிர்வேல் அனுப்ப உட்கார்ந்தான். இதுதான் என் மனைவி, என்னைவிட வேகமாக ஏறினாள் என்று எழுத ஆசை. இது என் அப்பா, உங்களைக் கிருஷ்ணம்மா என்று கூப்பிடுகிறார் என்று எழுத ஆசை. தேஜஸ்ரீ எழுதித்தருகிறேன் என்று கேட்டாள். நானே எழுதுவதுதான் மரியாதை என்று சொல்லிவிட்டான். ஆனால் அவனுக்குத் தெரிந்த இங்கிலீஷ் முழுவதும் மெயில் இங்கிலீஷ். தாமதத்துக்கு மன்னிக்கவும், உறுதிப்படுத்தவும், நன்றியுடன் குறித்துக்கொண்டோம். இதற்குள்தான் அவன் இத்தனை வருஷம் குடியிருந்தான். அதில் பொண்டாட்டிக்கும் அப்பாவுக்கும் இடம் இல்லை. இரண்டு தடவை அடித்து அழித்துவிட்டு, விரல் போன போக்கில் எழுதினான். "டியர் மேடம், டாப் போட்டோ இணைத்துள்ளேன். தங்கள் மேலான கருத்துகளுக்குக் காத்திருக்கிறேன்."

தக்காளிச் சாதத்தைப் பிரித்து உட்கார்ந்தார்கள். பாதி சாப்பிடுவதற்குள் போன் மணியடித்தது. "வந்துருச்சு! எல்லாரும் வாங்க, எல்லாரும் பாருங்க" என்று கதிர்வேல் எச்சில் கையோடு எல்லாரையும் கூப்பிட்டான். நாலு தலையும் போனுக்குமேல் குனிந்தன.

அவர்கள் அனுப்பிய அதே படம்தான் மெயிலில் திரும்பி வந்திருந்தது. ஆனால் அதன்மேல் சிவப்பில் வட்டம் வட்டமாகப் போட்டு, அம்பு அம்பாக இழுத்திருந்தது. ஆறுச்சாமியின் கழுத்தைச் சுற்றி ஒரு வட்டம். கதிர்வேலின் வயிற்றைச் சுற்றி ஒரு பெரிய வட்டம். சுகந்தியின் கைமேல் ஒரு பெருக்கல் குறி. தேஜஸ்ரீ கீழே இருந்ததைத் தமிழில் படித்தாள், படிக்கப் படிக்க அவள் குரல் இறங்கியது.

"டியர் வெண்டார்... பெரியவர் போட்டிருக்கற பீஸ்ல கழுத்து ரிப் பட்டி நெளியுது. இடது ஓரத்துல நிக்கற ஆளோட வயிறு பிரிண்ட்டக் கோணலாக்குது, தகுந்த மாடல வெச்சு எடுக்கவும். அந்தப் பொண்ணோட கை தோள் தையல மறைக்குது. பின்னால தெரியற காட்சி தேவையில்லாதது. வெள்ளச் செவுரு போதும்."

தமிழ்நாட்டின் உச்சியைத்தான் தேவையில்லாத காட்சி என்று எழுதியிருந்தது.

"அப்பா, அவங்க கேட்டது டாப் சாம்பிளுங்கப்பா" என்றாள் தேஜஸ்ரீ மெதுவாக. கதிர்வேலுக்கு அது படத்தைப் பார்த்ததுமே தெரிந்துவிட்டது. அவமானம் என்றால் சின்ன அவமானமா அது? சாப்பிட்ட கையோடு குடும்பத்தையே கூப்பிட்டு உட்காரவைத்துக் காட்டிய அவமானம்.

சுகந்தி மட்டும் பதறவில்லை. "சரி, அதனால என்னங்க. இவங்க மாடல் இல்லீங்க மேடம், எங்க குடும்பம்னு ரெண்டு வரி எழுதிப் போடுங்க. பாத்தாச் சிரிச்சுக்குவாங்க" என்றாள்.

"எழுதறேன், எழுதறேன்" என்றான் கதிர்வேல். எழுத உட்கார்ந்ததும் பயம் வந்தது. குடும்பம் என்று சொன்னால் ஏன் அனுப்பினாய் என்று கேட்பாள். டாப் என்பதை மலை என்று நினைத்தேன் என்று சொல்ல வேண்டும். டாப் தெரியாதவனெல்லாம் கம்பெனி நடத்துகிறானா என்று நினைப்பாள். கதிர் என்று கூப்பிட்டவள் வெண்டார் என்றுகூடக் கூப்பிடாமல் போய்விடுவாள். அவன் விரல் தானாக ஓடியது. "நன்றியுடன் குறித்துக்கொண்டோம் மேடம். மாடல்களை மாற்றி மாலைக்குள் அனுப்புகிறோம்."

தேஜஸ்ரீ தோளுக்குமேல் எட்டிப் பார்த்துக்கொண்டிருந்தாள். "மாடல மாத்தி அனுப்பறோம்னு போட்டுட்டாங்கம்மா" என்றாள்.

சுகந்தி எழுந்தாள். கையைக் கழுவினாள். ஸ்வெட்டரை எடுத்துப் போட்டு, மலைப் படம் மறையும்படி கழுத்துவரைக்கும் பொத்தானைப் போட்டாள். மாமனாருக்குக் குல்லாவை மாட்டிவிட்டாள்.

"வாங்க மாமா, போலாம்."

"என்னாச்சு சாமி? கிருஷ்ணம்மா என்ன சொல்லுச்சு?"

"அது ஒண்ணும் சொல்லலீங் மாமா. உங்க மகந்தான் சொல்லியிருக்கறாரு. நம்மள மாத்தீர்றாராம்."

"சுகந்தி, அது சும்மா தொழிலுக்கு எழுதறது" என்று கதிர்வேல் பின்னாலேயே ஓடினான்.

"தெரியுமுங்க" என்றாள் அவள். கோபமாகக்கூடச் சொல்லவில்லை. "இருந்து புது ஆளுங்க வந்ததும் அவங்களோட எறங்கி வாங்க."

மூன்று பேரும் காரில் ஏறிக் கதவைச் சாத்தினார்கள். ராமர் கண்ணாடியில் முதலாளியைப் பார்த்தார், திரும்பி முதலாளியம்மாவைப் பார்த்தார். சம்பளம் கொடுப்பவர் வெளியே நின்றார், சோறு போடுபவர் உள்ளே இருந்தார். ராமர் வண்டியை எடுத்துவிட்டார்.

கதிர்வேல் சோளக் கடைகளுக்கு நடுவில் பச்சைப் பனியனோடு தனியாக நின்றான். அழவேண்டும்போல இருந்தது. போன் மறுபடி மணியடித்தது. கிர்ஸ்டன் மேடம்தான். இந்தத் தடவை மெயில் இல்லை, வாட்ஸப்.

"நன்றி, கதிர். இன்னொரு விஷயம். படத்தை மறுபடி பார்த்தேன். அந்தப் பெரியவரும் இரண்டு பெண்களும் அவ்வளவு சந்தோஷமாக இருக்கிறார்கள். எங்கள் கேட்டலாக்குக்கு இப்படி ஆட்கள் கிடைப்பதே இல்லை. எங்கே பிடித்தீர்கள்? இவர்களை மாற்ற வேண்டாம். இடது ஓரத்தில் நிற்கிற ஆளை மட்டும் மாற்றிவிடுங்கள். அவர் இவர்களோடு சேரவில்லை."

மாதம் தவறாமல் வீடியோ காலில் முகம் பார்த்துப் பேசியவள். அடையாளம் தெரியவில்லை.

கதிர்வேல் படத்தைப் பெரிதாக்கிப் பார்த்தான். மூன்று பேரும் ஒருவர் முகத்தை ஒருவர் பார்த்துச் சிரித்துக்கொண்டிருந்தார்கள். இடது ஓரத்து ஆள்மட்டும் தோளில் ஒரு கை இருப்பதே தெரியாமல், வயிற்றை எக்கிப் பனியனைக் கீழே இழுத்துப் பிடித்தபடி கேமராவைப் பார்த்துக்கொண்டிருந்தான். அந்த ஆள் யார் என்று அந்தம்மாளுக்கு எழுதலாம் என்றால் வார்த்தை வரவில்லை. விரல் மட்டும் பழக்கத்தில், நன்றியுடன் குறித்துக்கொண்டோம் என்று அடித்துக்கொண்டிருந்தது.